டெஸ்டர் குளிப்பாட்டிய மணவறை

பழவேற்காடு உப்புநீர் ஏரிக்கரையிலேயே பிளாஸ்டிக்கைச் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் டெஸ்டர்தான். சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்கே மறந்திருக்கும். சட்டைப்பையில் எந்நேரமும் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் இருந்ததால் அவரும் டெஸ்டர் ஆனார்.

பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் லேசில் உட்கார மாட்டார். ஈரத்துண்டால் நாலு சாத்து சாத்திவிட்டுத்தான் குந்துவார். பிளாஸ்டிக் கரண்ட்டை விடாதாம். ஆனால் தேய்த்தால் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பதுக்குகிறவனை எப்படி நம்புவது என்று கேட்பார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை வீடு வீடாக மெயினை அணைத்துவிட்டு ஒயர்களைக் குளிப்பாட்டுவார், அதுவும் லாரியில் வருகிற நல்ல தண்ணீரில். ஒயரின் பிளாஸ்டிக் மேல் உப்புக்காற்று படியும், பனி இறங்கினால் அந்த உப்பு வழியாகக் கரண்ட் நடந்து வரும் என்பது அவர் கட்சி. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் ஒயருக்கு இரண்டு குடம்! பெண்கள் அவரை லாரிப் பக்கமே அண்ட விடுவதில்லை.

என் தங்கச்சி கல்யாணத்துக்கு சீரியல் லைட்டை நானே கட்டினேன். டெஸ்டரைக் கூப்பிட்டால் பந்தலையே கழுவுவார் என்ற பயம். கயிறு எதற்கு என்று பழைய நைலான் மீன்வலையை மணவறையின் இரும்புத் தூண்களில் இழுத்துக் கட்டி, அதில் ஒயரைப் பின்னினேன். வலை நைலான், நைலானும் பிளாஸ்டிக்தானே, ஷாக் அடிக்காது என்று ரொம்பப் பெருமையாக இருந்தது.

விடிகாலை முகூர்த்தம். பனி சொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கவும் பந்தல் இருண்டது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டெஸ்டர் நின்றார். சுண்ணாம்புக்குளத்துச் சம்பந்தி அபசகுனம் என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. எங்கள் நைனா டெஸ்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"இன்னாய்யா பண்ற? எம் பொண்ணு வாழ்க்கையில வெளாடுறியா?"

"வலை நைலான்தாண்ணா. ஏரியில ஊறுன உப்பு எங்க போவும்? பனி பட்டா ஜாயிண்ட்ல கசியுற கரண்ட்டுக்கு அதுவே கம்பி மாரி ஆயிடும்."

எல்லோரையும் மணவறையிலிருந்து இறங்கச் சொன்னார். என்னை மெயினைப் போடச் சொல்லிவிட்டு, தூணில் டெஸ்டரை வைத்தார். அதன் குட்டி பல்பு சிவப்பாக எரிந்தது. தங்கச்சி அந்தத் தூணுக்கு ஒரு சாண் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். புதுப் புடவையில் துரு படும் என்று சாயாமல் இருந்திருக்கிறாள். சம்பந்தி துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

மெயினை அணைத்து, செல்போன் வெளிச்சத்தில் தாலி கட்டினார்கள். டெஸ்டர் அதோடு விட்டாரா? பாயசத்துக்கு வைத்திருந்த நல்ல தண்ணீரை எடுத்துத் தூண்களைக் கழுவிவிட்டார். பந்தியில் பாயசமே இல்லை.

இப்போதெல்லாம் தண்ணீர் லாரி வந்தால் பெண்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு முண்டியடிப்பது நான்தான். வீட்டுக்கு எத்தனை குடம் கிடைத்தாலும் சரி, முதல் இரண்டு டெஸ்டருக்கு.