ரெண்டு பாகம், ஒரு முழம் பெட்ரோல் ஹோஸ்

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. வீட்டுக்காரர் காருக்கு பெட்ரோல் ஹோஸ் வாங்கணும்.

அவரு ஹார்பர்ல கிரேன் ஓட்டுதாரு. லீவு நாள்ல ஒரு பழைய சிவப்பு காரைக் கழத்திக் கழத்திப் பூட்டி, இப்ப அது ரேஸ் வண்டி ஆயிட்டு. மறுநாள் கோயம்புத்தூர்ல ரேஸ். சாயங்காலம் லாரி வந்து ஏத்திட்டுப் போகும்.

எனக்கோ ரெண்டு நாளா பெட்ரோல் வாடை. குனிஞ்சு பாத்தா பழைய ரப்பர் ஹோஸ் பூரா வெடிப்பு. "இதோட போனா வண்டியோட எரிஞ்சிருவீங்க, விட மாட்டேன்"னு வாசல்ல நின்னுட்டேன்.

"சரிளா. மேல ஸ்டீல் கம்பி பின்னின ஹோஸ் விக்கான். டேங்குல இருந்து இஞ்சின் வரைக்கும் ரெண்டு பாகம், ஒரு முழம் வாங்கிட்டு வா. அதுக்குள்ள நான் பழசைக் கழத்துதேன்."

பாகம்னா, ரெண்டு கையையும் விரிச்சா இந்த விரல் நுனியில இருந்து அந்த விரல் நுனி வரை. அவரு புன்னைக்காயல்ல வலைக்காரக் குடும்பம். கயிறு, கடல் ஆழம், எங்க வீட்டு ஜன்னல் திரை, எல்லாமே பாகக் கணக்குதான்.

வண்டி பார்ட்ஸும் குழாய்ச் சாமானும் விக்குத கடையில அண்ணாச்சி கேட்டாரு. "கார்புரேட்டர் வண்டியா, இன்ஜெக்‌ஷனா?"

"சிவப்பு வண்டி அண்ணாச்சி."

நான் சுவத்துல பளபளன்னு தொங்கினதைக் காட்டி, "இது நல்லாருக்கே"ன்னேன்.

"அது கீசருக்குத் தண்ணி போற ஹோஸும்மா. பெட்ரோல் பட்டா உள்ள ரப்பர் ஊறிப் போயிரும். இந்தா, இதான் பெட்ரோலுக்கு. எத்தனை மீட்டர்?"

"ரெண்டு பாகம், ஒரு முழம்."

"எங்கிட்ட டேப்புதான் இருக்கு, பாகம் இல்லயே."

"எங்கிட்ட இருக்கு"ன்னு கடை நடுவுல நின்னு ரெண்டு கையையும் விரிச்சேன். ஒரு கை, ஆயில் வாங்க வந்தவர் மூக்குல போய் நின்னுச்சு.

"அக்கா, பறக்கப் போறீங்கன்னா முன்னாடியே சொல்லுங்க. தள்ளி நிக்கேன்"னாரு அவரு.

வீட்டுல மாட்டிப் பாத்தா, ஹோஸ் டேங்குல கிளம்பி, வண்டி அடியில ஒழுங்கா ஓடி, இஞ்சினுக்கு ஒரு முழத்துக்கு மேல பாக்கி இருக்கையில நின்னுட்டு.

வண்டிக்கு அடியில இருந்து குரல் வந்துச்சு. "ஏளா, யாரு கையில அளந்த?"

"ஏங் கையிலதான். கடைக்காரர் கையையா பிடிச்சு விரிக்க முடியும்?"

"நான் சொன்னது என் பாகம்லா."

அவரு ஆறடி. நான் அவரு தோளுக்கும் கீழ. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இது ஒரு பிரச்சனையாவே இருந்ததில்ல.

"பழைய ஹோஸ்ல ஒரு துண்டு வச்சு ஒட்டுப் போடுங்களேன்."

"வெடிச்சிட்டுன்னு நீதான வாசல மறிச்ச?"

திரும்பக் கடைக்கே போனேன். என்னைப் பாத்ததும் அண்ணாச்சி, நின்ன ஆளுகளை "கொஞ்சம் ஒதுங்குங்க"ன்னாரு. எதுக்கு வம்புன்னு இந்தத் தடவை கை கடுக்கக் கடுக்க அளந்து வாங்கினேன்.

இப்ப ரொம்ப நீளம். மிச்சம் போய் சைலன்சர் மேல படுத்துக்கிட்டு. தீப்பிடிக்க இதைவிட நல்ல இடம் வண்டியில கிடையாது.

"வெட்டணும். முதல்ல ஒட்டுத டேப்பை இறுக்கிச் சுத்தி..."ன்னு அவரு ஆரம்பிக்கையிலேயே, மீன் வெட்டுத அருவாமனையில நான் அறுத்து முடிச்சிட்டேன்.

கம்பி பூரா தென்னம்பாளை மாதிரி விரிஞ்சிட்டு. நட்டுக்குள்ள போக மாட்டேங்கு, விரல்ல மட்டும் நல்லாப் போகுது. திரும்ப அறுத்தேன். திரும்ப விரிஞ்சுது.

"அருவாமனையை வச்சிட்டு உள்ள போளா. இன்னும் ரெண்டு வெட்டு வெட்டினா உன் பாகத்துக்கே வந்துரும்."

அவரே டேப் சுத்தி, ஆக்சா பிளேடு போட்டு அறுத்து மாட்டினாரு. அதுக்குள்ள லாரி வந்துட்டு. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, நான் தரையில படுத்து ஒவ்வொரு நட்டா மோந்து பாத்தேன். வாடையே இல்ல.

லாரி டிரைவர் குனிஞ்சு கேட்டாரு. "யம்மா, வண்டியை மட்டும் ஏத்தணுமா, உங்களையும் சேத்தா?"

மறுநாள் சாயங்காலம் போன் வந்துச்சு. "ஹோஸ் ஒரு சொட்டு ஒழுகலளா."

"சரி, வண்டி எத்தனாவதா வந்துச்சு?"

"கடைசி."

ஒழுகவும் இல்ல, வேகமாவும் போகல. ரெண்டுக்கும் சேத்து மாதா கோயில்ல பெரிய மெழுகுவத்தியாவே ஏத்திட்டேன்.