சிஸ்டர் ரோசலின் பார்த்த வைத்தியம்

"ஒரு மனுசன் இங்கன செத்துக்கிட்டு இருக்கான். நீ வந்து காலைக் காட்டு, காலைக் காட்டுன்னு நிக்கிற! உனக்கு மனசாட்சி இருக்கா?"

என் வீட்டுக்காரர் அருளானந்தம் சொன்னதை ஓர் எழுத்து குறைக்காமல் எழுதியிருக்கிறேன். செத்துக்கொண்டிருந்தது அவர் இல்லை. அவர் போனுக்குள் இருந்த ஆள். ஆறடி உயரம், இடுப்பு வரை முடி, ஆளைவிடப் பெரிய வாள். பெயர் கடல்வேந்தன். தலைக்கு மேல் பச்சையாக இருந்த கோடு சிவப்பாகிக்கொண்டிருந்தது. அதுதான் உயிராம்.

"செத்தா என்ன ஆகும்?" என்றேன்.

"கல்லறைத் தோட்டத்துல எந்திரிப்பேன். அங்கருந்து திரும்ப நடந்து வரணும். எம்புட்டுத் தூரம் தெரியுமா?"

"நடக்கிறதுக்குக் கால் வேணும்ல? அதைத்தான் காட்டுங்கன்னேன்."

காட்டவில்லை. காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

இவர் தங்கச்சிமடத்தில் விசைப்படகு ஓட்டுகிறவர். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள், வலையில் வந்த கெளுத்தியை மிதித்துவிட்டார். முள் குதிகாலில் ஏறிவிட்டது. அது நடந்து ஐந்து வாரம். புண் மூடவில்லை. மஞ்சள் வைத்தார், சுண்ணாம்பு வைத்தார். ஒருநாள் என்ஜின் ஆயிலோடு உட்கார்ந்திருந்தார், நான் பிடுங்கிவிட்டேன். என் மாமனாருக்கும் இப்படித்தான் குதிகாலில் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பிறகுதான் நின்றது. அதன் பிறகு பதினோரு வருஷம் அவர் கடலில் கால் நனைக்கவில்லை. மகனுக்கு அது மறந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? மறக்கவில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார்.

"போனா சுகர்னு சொல்லிருவாக."

"சொல்லலைன்னா இருக்காதா?"

"சொல்ற வரைக்கும் இல்லை."

இந்த மனிதரை நம்பித்தான் படகில் ஐந்து பேர் கடலுக்குப் போகிறார்கள்.

தடைக்காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. முடிந்த மறுநாள் அந்தக் காலோடு உப்புத் தண்ணீரில் நிற்பார். என் கையில் இருந்தது அந்த மூன்று வாரம்தான். ஆனால் இவரோ காலையில் தேநீர் குடித்ததும் 'ஒன்பதாம் கோட்டை'க்குள் போனால், மதியச் சோற்றுக்குத்தான் வெளியே வருவார். சோற்றுத் தட்டையும் சில நாள் உள்ளே கொண்டுபோய்விடுவார்.

அந்த விளையாட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் கான்வென்ட்டில் படித்தவள். எங்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்த மதர், 'திடீரென்று' என்ற சொல்லைக் கண்டாலே ஸ்கேலால் விரல் முட்டியில் ஒன்று வைப்பார்கள். ஒன்பதாம் கோட்டையில் எல்லாமே திடீரென்றுதான். திடீரென்று ஊர் எரியும். திடீரென்று ஓர் அநாதை எழுந்து நிற்பான். அவன் நெற்றியில் ஒரு மச்சம் ஒளி வீசும். உலகத்தைக் காப்பாற்றப் போகிறவன் அவன்தான். நாலு பேர் விளையாடினால் நாலு பேரும் அவனேதான்! ஒருத்தனுக்காவது அம்மா உயிரோடு இருக்கக் கூடாதா என்று பார்த்தேன். இருக்க மாட்டாள். இருந்தால் வாளைத் தூக்கிக்கொண்டு போகிறவனை வாசலிலேயே மறித்து, "சாப்பிட்டுட்டுப் போடா" என்பாள். கதை அங்கேயே முடிந்துவிடும்.

வில்லன் என்று ஒருவன் வருவான். வந்த வேலையைப் பார்க்காமல் தன் சின்ன வயதுக் கஷ்டத்தை எல்லாம் சொல்லி அழுவான். அவன் அழுது முடிப்பதற்குள் இவர்கள் மருந்து குடித்துத் தெம்பாகிவிடுவார்கள்.

எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது அந்தக் கிணற்றடிக் கிழவர். தாடி வைத்திருப்பார். தலைக்கு மேல் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி தொங்கும். "வீரனே, பன்னிரண்டு ஓநாய்ப் பல் கொண்டு வா" என்பார். எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்க மாட்டார். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்ல மாட்டார். ஓடுவார். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த வேலை என்ன என்று கைகட்டி நிற்பார். இருபத்திமூன்று வருஷமாக என் தலைக்கு மேலும் அதே குறி தொங்குகிறது. கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால் புதினாவோடு வருகிறார். அதுவும் மறுநாள்.

அப்போதுதான் பாம்பனிலிருந்து முஹைதீன் பாய் போனில் கத்தியது காதில் விழுந்தது. பாய்க்கு ஐஸ் கம்பெனி. எங்கள் படகுக்கு ஐஸ் அவரிடம்தான். நிஜத்தில் அடுத்தவர் வீட்டுக் கேட்டைத் தொடக்கூடக் கூசுகிறவர். விளையாட்டில் திருடன்.

"அருளு, மருந்து போட ஒரு ஆள் இல்லாம இந்த டிராகனை அசைக்க முடியாதுப்பா. நாலு பேருமே வாளைத் தூக்கிட்டு நின்னா, அடிபட்டா யாரு கட்டுப் போடுறது?"

"படகுப் பயலுகளைக் கேட்டேன். வைத்தியம் பாக்குறது பொம்பளை வேலையாம். மாட்டேங்குறாய்ங்க."

எனக்கு அடுப்படியில் நின்ற இடத்தில் வெளிச்சம் வந்தது.

என் மகள் ஜெர்லின் காலேஜ் லீவில் வந்திருந்தாள். போனை நீட்டி, "இதுல அந்தக் கோட்டையைப் போட்டுக் குடு" என்றேன்.

"அம்மா, நீயா? உனக்குத்தான் இதெல்லாம் குப்பையாச்சே?"

"குப்பைதான். குப்பைக்குள்ள உங்க அப்பா கிடக்காரு. எடுக்கணும்ல?"

வைத்தியக்காரிக்கு விளையாட்டில் ஒரே உடுப்புதான். கழுத்திலிருந்து கால் வரை வெள்ளை அங்கி, தலையில் வெள்ளை முக்காடு, கையில் விளக்கு. பெயர் கேட்டது. எங்கள் கான்வென்ட் ஞாபகத்தில் 'ரோசலின்' என்று போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. மற்றதெல்லாம் அவர்களாகச் செய்துகொண்டது.

கிணற்றடியில் போய் நின்றேன். கூடத்திலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் தாழ்ந்து கேட்டது.

"ஏ பாய், வாயை அடக்கு. சிஸ்டர் ஒருத்தக வந்திருக்காக."

எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் மேல் இருந்த காலைக் கீழே இறக்கிவிட்டார். எழுந்து கைலியைச் சரிசெய்தார். போனைப் பார்த்து, "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றார்.

உலகத்தில் எத்தனையோ பேர் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள். வெள்ளை உடுப்பும் முக்காடும் போட்ட ஒரு பொம்மையைப் பார்த்து எழுந்து நிற்கிறவர்கள் எங்கள் கரையில்தான் இருப்பார்கள். நான் கன்னியாஸ்திரி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "நலமாக இருக்கிறீர்களா?" என்று சுத்தத் தமிழில் தட்டினேன். அதோடு தீர்ந்தது.

அன்று முதல் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். குழம்பு கொதிக்கிற நேரத்தில் கடல்வேந்தனுக்கு இரண்டு தடவை உயிர் கொடுத்தேன். நாலு நாளில் அந்தக் கூட்டமே மாறிவிட்டது. கெட்ட வார்த்தை நின்றது. முஹைதீன் பாய், மகள் லாமியாவுக்கு நல்ல இடம் அமைய வேண்டிக்கொள்ளச் சொன்னார். என் வீட்டுக்காரரோ சோற்றைப் பிசைந்துகொண்டே சிஸ்டர் புராணம் பாடினார்.

"என்னா பொறுமை! ஒரு கடுஞ்சொல் கிடையாது. கேக்குறதுக்கு முந்தி மருந்து போடுறாக. நீயும்தான் கான்வென்ட்ல படிச்ச."

"நான் என்ன செஞ்சேன்?"

"வாயைத் திறந்தா சுண்ணாம்புக் காளவாசல்."

அன்று சாயந்திரம் மூன்று ஓநாய்கள் கடல்வேந்தனைச் சூழ்ந்துகொண்டன. சிஸ்டர் ரோசலின் பக்கத்திலேயே நின்று பூ பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கல்லறைத் தோட்டத்திலிருந்து நடந்து வர முக்கால் மணி நேரம் ஆனது.

டிராகனை அடிக்கிற நாள் வந்தது. தடைக்காலம் முடியப் பதினோரு நாள். அன்று காலை அவர் கட்டுத்துணியை மாற்றும்போது கதவிடுக்கில் பார்த்தேன். குதிகாலைச் சுற்றிக் கறுத்திருந்தது. மாமனாரின் கால் ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தோடுதான் கோட்டைக்குள் போனேன்.

டிராகன் வாயைத் திறந்தது. படகுப் பயல்கள் முதல் நெருப்பிலேயே போனார்கள். பாய் ஒளிந்துகொண்டார். கடல்வேந்தன் மட்டும் வாளோடு நின்றார், கோடு சிவந்து ஒரு நூல் அளவு இருந்தது.

"சிஸ்டர், மருந்து! மருந்து போடுங்க சிஸ்டர்!"

நான் தட்டினேன்: "உங்கள் குதிகால் புண் எப்படி இருக்கிறது?"

கூடத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அது... அது உங்களுக்கு எப்படித் தெரியும் சிஸ்டர்?"

இவர்தான் இரண்டு நாளைக்கு முன்பு, 'எங்க வீட்டுல காலு காலுன்னு உசுரை எடுக்குறா, எனக்காக வேண்டிக்கங்க' என்று சொல்லியிருந்தார். மறந்துவிட்டார். நான் நினைவூட்டவில்லை. அற்புதங்களை விளக்கக் கூடாது.

"நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லுங்கள்."

"முதல்ல உசுரைக் குடுங்க சிஸ்டர்!"

"முதலில் சொல்லுங்கள்."

"போறேன், போறேன்!"

"யார் மேல் சத்தியம்?"

"அந்தோணியார் மேல! போறேன் சிஸ்டர்! ஐயோ, நெருப்பு!"

கொடுத்தேன். இருந்த மருந்தையெல்லாம் கொட்டிக் கொடுத்தேன். டிராகன் விழுந்தது. பாய் கூவிய கூச்சலுக்குப் போனே தேவைப்பட்டிருக்காது, பாம்பனிலிருந்து நேராகவே கேட்டிருக்கும். நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். வெங்காயம் என்று ஜெர்லினிடம் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நின்றார்.

"கிளம்பு. ராமநாதபுரம் போயிட்டு வருவோம்."

"எதுக்கு?"

"காலைக் காட்டணும்ல. நானா யோசிச்சேன். யாரு சொல்லியும் இல்லை."

"உங்களுக்கு யாரு சொல்ல முடியும்?" என்றேன். கடல் மேல் இட்ட சத்தியத்தைக்கூட இவர் மீறிப் பார்த்திருக்கிறேன். கடலுக்குப் போகிறவன் அந்தோணியார் பெயரில், அதுவும் ஒரு சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, மீற முடியுமா?

டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, என் கையை மட்டும் விடவில்லை. சுகர்தான். நன்றாகவே இருந்தது.

"ரெண்டு வாரம் கழிச்சு வந்திருந்தா நான் வேற பேச்சு பேசியிருப்பேன்" என்றார்கள் டாக்டரம்மா. "இப்ப மருந்துலயே ஆறிரும். நல்ல வேளை, கூட்டிட்டு வந்தீங்க."

"நான் கூட்டிட்டு வரலை டாக்டர். அவுகளா வந்தாக" என்றேன். அந்த ஒரு நிமிஷம் உலகத்தில் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. கிணற்றடிக் கிழவர் மேல்கூட.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் போனை எடுத்தார். நன்றி சொல்லாமல் இவரால் இருக்க முடியாது, ஆளைத்தான் மாற்றிவிடுவார். குனிந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: 'சிஸ்டர், சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன்.'

என் கைப்பைக்குள் கோயில் மணி அடித்தது. ஒன்பதாம் கோட்டையில் செய்தி வந்தால் அப்படித்தான் அடிக்கும்.

இவர் நிமிர்ந்தார். நான் சுவரில் இருந்த கண்தானப் போஸ்டரைப் படித்தேன்.

'உங்களுக்குக் கோடி நன்றி' என்று தட்டினார். மணி அடித்தது.

மூன்றாவது தடவை ஒரு புள்ளி மட்டும் வைத்து அனுப்பினார். அதற்கும் அடித்தது. மாத்திரை கொடுக்கிற பெண் ஜன்னல் வழியாக எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிரெசில்லா."

"என்னங்க?"

"பையைத் தொற."

"மாத்திரையை வாங்கிட்டுத் தொறக்கேன்."

பஸ்ஸில் உச்சிப்புளி வரைக்கும் என் கைப்பையையே பார்த்துக்கொண்டு வந்தார். மண்டபம் வரைக்கும் மாத்திரைப் பொட்டலத்தைப் பார்த்தார். பாலத்தில் ஏறி, காற்று முகத்தில் அடித்ததும் திரும்பினார்.

"அப்ப அன்னைக்கு ஓநாய் கடிச்சப்ப பூப் பறிச்சுக்கிட்டு நின்னது?"

"சுண்ணாம்புக் காளவாசல்."

தண்ணீரைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நல்லாத்தான் மருந்து போடுற." சற்றுப் பொறுத்து, "பாய்கிட்ட சொல்லிராத. லாமியாவுக்கு இடம் அமைஞ்சிருச்சாம். உன் வேண்டுதல்லதான்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதர் நிறைய இருமினார்கள். பிறகு, "டிராகன் விழுந்துச்சா?" என்று கேட்டார்கள். அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். எங்கேயோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து இந்த விளையாட்டைச் செய்து, ஓநாய்க்குப் பல் வைத்த பெயர் தெரியாத பிள்ளைகளுக்கும் ஒன்று வைத்தேன். அவர்கள் கதை இன்னமும் குப்பைதான். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

தடைக்காலம் முடிந்தது. குதிகாலில் புதுத்தோல் வந்துவிட்டது. இன்று விடிகாலை கால்களில் ரப்பர் பூட்ஸ் போட்டு, சட்டைப் பையில் மாத்திரையோடு படகேறினார். நான் சொல்லாமலே. போகும்போது, "கோட்டையைப் பாத்துக்க" என்றார்.

விளையாட்டைப் போனிலிருந்து எடுத்துவிடத்தான் உள்ளே போனேன். சத்தியமாக அதற்குத்தான். கிணற்றடியில் கிழவர் நின்றார். தலைக்கு மேல் குறி. எட்டு வௌவால் இறக்கைதானே கேட்கிறார், பாவம், வயதானவர் என்று போனேன். இப்போது குகைக்குள் நாலு பக்கமும் வௌவால். என் கோடு சிவந்துவிட்டது. ஊருக்கெல்லாம் மருந்து போட்டவள், எனக்கென்று ஒரு சொட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"அம்மா, அடுப்புல என்னமோ தீயுது!" ஜெர்லின் கத்தினாள். "எனக்குப் பசிக்குது!"

"ஒரு மனுசி இங்கன செத்துக்கிட்டு இருக்கேன், உனக்கு மனசாட்சி இருக்கா?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஜெர்லின் போய் அடுப்பை அணைத்தாள். அடுப்படி வாசலில் நின்று சிரித்தாள்.

பாய் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற மும்முரத்தில் இருப்பார். பயல்கள் படகில். 'கடல்வேந்தன்' என்ற பெயர் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. சிக்னல் எட்டாத தூரத்தில், ஆடுகிற படகில், இரண்டு காலில் நின்று வலை இழுக்கிறார். பூட்ஸைக் கழற்றாமல் இருந்தால் சரி.

எதற்கும் தட்டிவைத்தேன்: "என்னங்க, குகைக்குள்ள மாட்டிக்கிட்டேன். கொஞ்சம் வந்து மருந்து போடுங்களேன்."