நான் ஏறாமலே தொட்ட உச்சி

உலகத்திலேயே உயர்ந்த நட்பு எது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். எங்கள் சைக்கிள் குழுவின் நட்புதான். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் மீட்டருக்கு மேலே கொண்டுபோய் சோதித்துப் பார்த்த நட்பு அது.

குழுவில் நாலு பேர். ஏ.சி. ஷோரூம் நடத்துபவர்தான் கேப்டன். குளிரைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது என்பதால் மலைப் பயணத்துக்கு ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்னொருவர் ஆடிட்டர். மற்றவர் பல் டாக்டர். 'மருத்துவப் பிரிவு' அவர் கையில். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். எனக்குப் பொறுப்பு எதுவும் தரப்படவில்லை. பின்னால் வருவதே பெரிய பொறுப்புதான் என்று கேப்டன் விளக்கினார்.

'ஹேண்டில்பாரைக் கைவிட்டாலும் விடுவோம், கூட வருபவனைக் கைவிட மாட்டோம்' என்பது எங்கள் கொள்கை. அதை எல்லோர் சட்டை முதுகிலும் அச்சடித்திருந்தோம். கடைசியில் வந்ததால், வழி நெடுக அதைப் படித்துக்கொண்டே வரும் பாக்கியம் எனக்கு மட்டும் கிடைத்தது.

எங்கள் ஃபோன்களில் ஒரு ஆப் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் நாங்கள் நாலு புள்ளிகளாக மலையில் ஊர்ந்துபோவது தெரியும். நாலு புள்ளிகளும் கணவாய் உச்சியைத் தொட்டால் 'முழு அணி' பதக்கம். ஒரு புள்ளி குறைந்தாலும் பதக்கம் கிடையாது.

உச்சிக்குச் சில வளைவுகள் இருக்கும்போது எனக்குத் தலை சுற்றியது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, காலையில் சாப்பிட்டதை மலைக்கே திருப்பிக் கொடுத்தேன். கேப்டன் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். சாலை போட வந்தவர்கள் விட்டுப்போன தகரக் கொட்டகையில் கூட்டம் நடைபெற்றது.

"வாயைத் திற," என்றார் பல் டாக்டர். திறந்தேன். "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"தலை பிளக்குதுப்பா. கீழ போயிடலாம்," என்றேன்.

"எல்லாம் மனசுதான். மனசு மேல போயிட்டா உடம்பு தானா வந்துடும்," என்று ஆரம்பித்த கேப்டன் மூச்சு விடாமல் பேசினார். என்னாலும் மூச்சு விட முடியவில்லை. அந்த அளவில் எங்களுக்குள் கருத்து ஒற்றுமை இருந்தது.

ஆடிட்டர் தொண்டையைச் செருமினார். "இவன் வரலைன்னா மூணு புள்ளிதான். பதக்கம் போச்சு."

எல்லோர் முகமும் வாடியது. என் உடல்நிலை குறித்து அவர்கள் உண்மையாகக் கவலைப்பட்டது அப்போதுதான்.

"இவன் எதுக்கு வரணும்?" என்றார் கேப்டன் திடீரென்று. "இவன் ஃபோன் வந்தா போதாதா?"

தீர்மானம் ஓட்டுக்கு விடப்பட்டது. எதிர்ப்புத் தெரிவிக்கக் கையைத் தூக்கினேன். அது பாதியிலேயே விழுந்துவிட்டதால் ஆடிட்டர் 'நடுநிலை' என்று எடுத்துக்கொண்டார். கேப்டன் என் ஃபோனைத் தன் பையில் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தார்.

"ஒரு மணி நேரத்துல வந்துடுவோம். அசையாம இரு."

அசையவில்லை. அசைய முடியவும் இல்லை. வெளியே பனி விழத் தொடங்கியது. உதடு மரத்துப்போனது. மகளுடைய முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அது பிடிபடாமல் நழுவியபோது நிஜமாகவே பயந்துபோனேன்.

எவ்வளவு நேரம் ஆனதோ, மேலேயிருந்து காலி கேஸ் சிலிண்டர் ஏற்றிய லாரி ஒன்று கடகடவென்று இறங்கி வந்தது. தவழ்ந்து வெளியே போய்க் கையை ஆட்டினேன். டிரைவர் குதித்து இறங்கினார்.

"தனியாவா வந்தீங்க?"

"கூட வந்தவங்க மேல போயிருக்காங்க. திரும்பி வருவாங்க."

"சைக்கிள்ல மூணு பேரா? போட்டோ எடுத்துட்டு அந்தப் பக்கமா இறங்கிட்டாங்களே! அங்கதான் இறக்கம் ஜோரா இருக்கும்."

என் முகத்தைப் பார்த்தவர் என்னை அப்படியே தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, ஜன்னலை இறக்கிவிட்டார். "வாந்தி வந்தா வெளிய எடுங்க."

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். நர்ஸ் நான் சொன்ன எண்ணுக்கு ஃபோன் செய்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க வீட்டுக்காரரை இங்க அட்மிட் பண்ணியிருக்கோம்மா."

"இருக்காதே," என்றாள் என் மனைவி. "அவர் உச்சியைத் தாண்டி ஜம்முனு இறங்கிட்டிருக்கார். நான் பார்த்துட்டேதானே இருக்கேன்? நேத்து ஒருத்தன் இப்படித்தான், பார்சல் வந்திருக்குன்னு ஆரம்பிச்சான்."

நான் முகமூடியை விலக்கினேன். "நான்தான் பேசறேன்."

"அடேயப்பா, குரலைக்கூட அப்படியே பண்ணிடறாங்க! சரி, நீங்க அவர்தான்னா எங்க அம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

சொன்னேன். நர்ஸ் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி உடனே நம்பிவிட்டாள். அழுதுகொண்டே விமானம் ஏறினாள்.

மறுநாள் குழுவினர் மூவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். ஃபோனில் மின்னிய பதக்கத்தைக் காட்டினார்கள். கேப்டன் பெரிய மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. வருத்தப்பட்டார், அவ்வளவுதான்.

"அசையாதேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? நீ பாட்டுக்கு லாரி ஏறிட்ட. உனக்கு எத்தனை தடவை ஃபோன் போட்டேன் தெரியுமா? என் பைக்குள்ளயே அடிச்சுக்கிட்டு இருந்தது. நீ எடுக்கவே இல்ல!"

"குழுன்னா ஒரு கட்டுப்பாடு வேணும்ப்பா," என்றார் ஆடிட்டர். பல் டாக்டர் பழக்கதோஷத்தில் என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

கேப்டன் என் ஃபோனைத் தலையணைமேல் வைத்தார். "போகட்டும், விடு. அடுத்த வருஷத்துக்கு இதைவிட உயரமா ஒரு கணவாய் பார்த்து வெச்சிருக்கேன். நீ இல்லாம நாங்க போறதா இல்ல."

அதுவரை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள். ஃபோனை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"இதைக் கூட்டிட்டுப் போங்கண்ணா. இவர் வீட்டுல இருக்கட்டும்."

ஆடிட்டர் தரையைப் பார்த்தார். கேப்டன் ஃபோனை வாங்கி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல யோசனைம்மா," என்றார். "இதுன்னா வாந்தி எடுக்காது."