அமெரிக்க அதிபரும் என் செல்லாத ஓட்டும்

எனக்கு அமெரிக்காவில் ஓட்டு கிடையாது. அந்த நாட்டு விமான நிலையத்தில் நின்று ஒரு காபி குடித்ததுகூட இல்லை. இருந்தும், அடுத்த அமெரிக்க அதிபராக யார் வர வேண்டும், ஏன் வர வேண்டும் என்ற கேள்வியில் என் கல்யாணம் டெபாசிட் இழக்கப் பார்த்தது. நடந்த இடம் மெல்போர்னில் நோபல் பார்க், ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு மேசை.

நான் திருச்சிக்காரன். கம்ப்யூட்டர் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவன். தர்ஷினி யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், இங்கேயே வளர்ந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே அலுவலகம். லிஃப்டில் சிரிப்பது, கேன்டீனில் பக்கத்தில் உட்காருவது என்று இரண்டு வருடம் ஓடிய பிறகு, "அப்பாவிட்ட வந்து கேளுங்கோ" என்றாள். அப்பா சம்மதித்தால் மட்டும் போதாது, அவருடைய அண்ணன், அதாவது தர்ஷினியின் பெரியப்பாவும் தலையாட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியப்பா இல்லாமல் ஒரு பிறந்தநாள் கேக்கைக்கூட வெட்ட மாட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல். அண்ணனும் தம்பியும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. காணித் தகராறா, கல்யாணத் தகராறா என்று கேட்டேன். அமெரிக்கத் தேர்தல் என்றாள். அப்பா கழுதைச் சின்னக் கட்சி, பெரியப்பா யானைச் சின்னக் கட்சி. (இருவரிடமும் ஆஸ்திரேலியப் பிரதமர் யார் என்று கேட்டால், "இப்பவோ?" என்று கொஞ்சம் யோசிப்பார்கள்.) கடைசித் தேர்தலில் வாய் தடித்து, அன்று நின்ற பேச்சு நின்றதுதான். பெரியப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார், சாப்பிடுவார், போவார். தம்பியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தம்பி மனைவியிடம் சொல்வார்.

தர்ஷினி எனக்கு ஒரே ஒரு அறிவுரைதான் கொடுத்தாள். "அமெரிக்காவைப் பற்றி என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லுங்கோ. பிளீஸ்."

அரசியலில் ஒன்றைத் தெரியாது என்று தமிழ்நாட்டுக்காரன் சொல்வதா! டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உலகப் போர்களை முடித்துவைத்த பரம்பரை ஐயா நாங்கள். ஒரு வாரம் ராத்திரி பகலாக வீடியோ பார்த்துப் படித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. கடைசியில் மூன்று காரணங்களைத் தயார் செய்து மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். அவர் வந்தால் விலைவாசி குறையும், அவர் வந்தால் சண்டை ஓயும், அவர் மனதில் பட்டதைப் பேசுகிறவர். இதில் என்ன வசதி என்றால், "அவர்" என்ற இடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது அங்கிள், அதாவது தர்ஷினியின் அப்பா, ஹாலில் இருந்தார். டிவியில் அமெரிக்க வரைபடம் சிவப்பும் நீலமுமாக மின்னிக்கொண்டிருந்தது. என் அப்பா என்ன வேலை, எனக்கு என்ன சம்பளம் என்று எதுவும் கேட்கவில்லை. தேத்தண்ணி வந்தது. ரோல்ஸ் வந்தது. பிறகு கேள்வி வந்தது.

"தம்பி, அடுத்த முறை அங்க ஆர் வரவேணும்? ஏன்?"

கழுதைக் கட்சிக்காரர்தான் வர வேண்டும் என்றேன். மூன்று காரணங்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அங்கிள் முகம் மலர்ந்துபோய் என் தட்டில் இன்னொரு ரோல்ஸ் வைத்தார். அவ்வளவுதான், தாலி கட்டி முடித்த மாதிரி எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது.

பெரியப்பாவுக்கும் முகம் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள். அவர் கராஜில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த டிவி ஓடும் அறையில் அவர் கால் வைப்பதில்லையாம். அவரும் சுற்றி வளைக்கவில்லை. ஆர் வரவேணும், ஏன் என்று அதே கேள்வி.

இங்கே ஒரு நல்ல மனிதன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் யானைக் கட்சி என்றேன். அதே மூன்று காரணம், அதே வரிசை, அதே ஏற்ற இறக்கம். பெரியப்பா என் தோளில் தட்டினார். அதில் குளிர்ந்துபோய், கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும். "கழுதைக்கு ஓட்டுப் போடுறவங்க மூளையைக் கழட்டி வச்சிட்டுத்தான் போடணும் அங்கிள்" என்றேன். (உள்ளே உட்கார்ந்திருப்பவர் என் வருங்கால மாமனார் என்பது அந்த நிமிஷம் ஞாபகத்திலேயே இல்லை.)

சாப்பாட்டு மேசையில் இந்தக் கோடியில் அங்கிள், அந்தக் கோடியில் பெரியப்பா. நான் நடுவில். அங்கிள் சந்தோஷம் தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டு, "இஞ்சரப்பா, அண்ணையிட்டச் சொல்லு, தம்பியும் எங்கட பக்கம்தான்" என்றார். பெரியப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "பிள்ளை, அவனிட்டச் சொல்லும், தம்பி இப்பதான் கராஜில வச்சு எங்கட பக்கம் எண்டவர்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்தேன்.

அப்போதுதான் அன்ரி எழுந்தார். தர்ஷினியின் அம்மா. தேர்தல் வந்தால் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் வேலை செய்கிறவர், சட்டதிட்டம் தெரிந்தவர். "சோத்து மேசையில சத்தம் வேண்டாம். வாக்குப் போட்டு முடியுங்கோ" என்றார். சாமான் லிஸ்ட் எழுதும் தாளை மூன்றாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு யானை, ஒரு கழுதை வரைந்து, எதிரே கட்டம் போட்டார். மறைப்புக்குச் சமையலறையிலிருந்து ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். தான் அதிகாரி, தர்ஷினி மேற்பார்வை, ஆகவே இருவருக்கும் வாக்கு இல்லை என்று அறிவித்தார். மிச்சம் மூன்று பேர். அண்ணன் போடுவது ஊருக்கே தெரியும், தம்பி போடுவதும் தெரியும். ரகசிய வாக்கெடுப்பு என்பது பெயருக்குத்தான்.

கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டிக்குப் பின்னால் எனக்கு வியர்த்த வியர்வை இருக்கிறதே, திருச்சி மே மாதத்தில்கூட அப்படி வியர்த்ததில்லை. யானைக்குப் போட்டால் அப்பா போச்சு. கழுதைக்குப் போட்டால் பெரியப்பா போச்சு. இரண்டில் எது போனாலும் தர்ஷினி போச்சு. பென்சிலைக் கடித்தேன். பிறகு, என் வாழ்க்கையிலேயே மிகப் புத்திசாலித்தனமான காரியம் என்று நினைத்து, இரண்டு கட்டத்திலும் டிக் அடித்து மடித்துக் கொடுத்தேன்.

அன்ரி பிரித்தார். யானை ஒன்று. கழுதை ஒன்று. மூன்றாவது தாளைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், தர்ஷினியிடம் காட்டினார். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "செல்லாத வாக்கு ஒண்டு" என்றார் அன்ரி.

பிறகு இரண்டு வருடத்தில் முதல்முறையாக அண்ணன் தம்பியை நேராகப் பார்த்துக் கேட்டார், "உனக்கும் விலைவாசி எண்டுதானோ சொன்னவர்?"

"ஓம் அண்ணை. பிறகு சண்டை ஓயும் எண்டவர்."

"மனசில பட்டதைப் பேசுறவர்?"

"அதுவும்தான்."

இருவரும் அடையாள அணிவகுப்பில் திருடனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். நான் கராஜில் சொன்ன அந்த மூளை விஷயத்தையும் பெரியப்பா தம்பியிடம் சொல்லாமல் விடவில்லை. அங்கிள் எழுந்துபோய் டிவியை அணைத்தார். (அந்த வீட்டில் அது அணைந்து யாரும் பார்த்ததில்லையாம்.)

"தம்பி, அங்க ஆர் வந்தாலும் எனக்கென்ன? எனக்கு அமெரிக்காவில ஒருத்தரும் இல்லை. உமக்கெண்டு ஒரு சொல்லு இருக்கோ எண்டு பாக்கத்தான் கேட்டனான். நாளைக்கு என்ர பிள்ளைக்கு ஒரு கஷ்டம் எண்டால் நீர் ஆர் பக்கம் நிப்பீர்?"

ஒரு வாரமாகத் தர்ஷினி சொல்லச் சொல்லி நான் சொல்லாத வார்த்தை அந்த நேரம் பார்த்துத்தானா வாயிலிருந்து விழ வேண்டும்?

"தெரியாது அங்கிள்."

பாயசம் வரவில்லை. நானே செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காரில் உட்கார்ந்து, எஞ்சினைக்கூடப் போடாமல் அழுதேன். மூன்று நாள் தர்ஷினி போனை எடுக்கவில்லை. அலுவலகத்தில் லிஃப்டை விட்டுப் படியில் ஏறிப் போனாள், ஏழாவது மாடிக்கு. எல்லாவற்றையும் நானே கெடுத்துக்கொண்டேன். ஒரு ஆளைக்கூட ஏமாற்றத் தெரியாத நான், ஒரே மதியத்தில் இரண்டு பேரை ஏமாற்றக் கிளம்பினேனே!

இரண்டாவது வாரம் அன்ரியிடமிருந்து போன் வந்தது. அண்ணனும் தம்பியும் இப்போது தினமும் பேசுகிறார்களாம். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். "உம்மைத்தான் திட்டினம்" என்றார், வெகு சாதாரணமாக. "ரெண்டு வருஷமா என்னால முடியாததை நீர் செய்துபோட்டீர். சனிக்கிழமை வாரும். இந்த முறை உம்மட சொந்த வாயால கதையும்."

போனேன். இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிள் அதே கேள்வியைக் கேட்டார். தர்ஷினி பக்கம்தான் நிற்பேன் என்றேன்.

"அவளில பிழை இருந்தால்?"

பெரியப்பாவும் முன்னால் சாய்ந்தார். என்னிடம் மனப்பாடம் எதுவும் இல்லை. "அப்பவும் அவ பக்கம்தான் அங்கிள். தப்புன்னு வீட்டுக்கு வந்து அவகிட்டச் சொல்லுவேன். பயந்துக்கிட்டேதான் சொல்லுவேன்."

தம்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையாட்டினார். பாயசம் வந்தது.

கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. அமெரிக்கத் தேர்தல் வந்தால் அந்த மேசையில் இன்றைக்கும் வாக்கெடுப்பு உண்டு. அன்ரியே அதிகாரி. போன முறை எங்கள் ஏழு வயது மகளுக்கும் ஒரு தாள் கிடைத்தது. அவள் எல்லோர் முன்னாலும் தாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "வாட் அபவுட் அப்பா?" என்று கேட்டாள். யானைக்காரரும் கழுதைக்காரரும் தலை நிமிராமல், ஒரே குரலில், "அப்பாவுக்கு இல்லை" என்றார்கள். அமெரிக்க அரசியலில் அவர்கள் இருவரும் ஒத்துப்போவது இந்த ஒரு விஷயத்தில்தான்.