வெல்டாவுக்கு விழுந்த சீட்டு

"இந்த வருஷம் சீட்டு விழுந்தா நான் தனியாத்தான் மலையேறுவேன். ஒரு பய கூட வரக்கூடாது!" என்று ராஸ்கோ சபதம் போட்டார். இருபத்தாறு வருஷமாக அதே ஏப்ரல் மாதம், அதே முட்டைப் பொரியல், அதே சபதம். எதிரில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அவர் மனைவி வெல்டா, "சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வை அவர் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன், கேட்கவில்லை.

எங்கள் நெவாடாவில் எல்க் மானை நினைத்த நேரத்தில் சுட்டுவிட முடியாது. குதிரை உயரம், தலையில் ஒரு மரத்தையே நட்டுவைத்த மாதிரி கொம்பு. காப்பர் மலைக்கு வருஷத்துக்கு நாலே நாலு வேட்டைச் சீட்டு. கேட்பவர்களோ ஆயிரம் பேர். அதனால் குலுக்கல். விழாதவனுக்கு ஆறுதலாக ஒரு பாயிண்ட் கிடைக்கும். பாயிண்ட் சேரச் சேர அடுத்த குலுக்கலில் வாய்ப்பு கூடும். ராஸ்கோவிடம் இருந்த அளவு பாயிண்ட் ஊரில் யாரிடமும் கிடையாது. அதாவது, அவ்வளவு துரதிர்ஷ்டசாலி ஊரில் வேறு யாரும் கிடையாது. பக்கத்து வீட்டு பாட்சி வெறும் ஆறு பாயிண்ட்டோடு போன வருஷம் சீட்டு வாங்கிவிட்டான். அவன் சுட்ட மானின் கொம்பு இப்போது வேலிக்கு மேலே தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறது. ராஸ்கோ அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டார்.

அந்தக் காலத்துக் குலுக்கலுக்கு ஒரு களை இருந்தது. காகிதத்தில் மனு. நாக்கால் நக்கி ஒட்டின தபால்தலை. ஜூன் மாதம் தபாலாபீஸ் வாசலில் ஊரே காத்துக் கிடக்கும். உறை தடிமனாக வந்தால் சீட்டு, மெலிசாக வந்தால் 'வருந்துகிறோம்'. மெலிசு உறை வாங்கினவர்களெல்லாம் நேரே பாட்சியின் அப்பா வீட்டுக்குப் போய், ஆட்டுக்கறியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டே அரசாங்கத்தைத் திட்டுவார்கள். அந்தத் துக்கத்தில்கூட ஒரு சுகம் இருந்தது. இப்போது நினைத்தாலும் ராஸ்கோவுக்கு நாக்கில் அந்தப் பூண்டு வாசனை வரும்.

பிறகு எல்லாம் கம்ப்யூட்டரில் என்று ஆகிவிட்டது. பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து வேண்டும், ஒரு எண் வேண்டும், ஒரு குறி வேண்டும் என்று அது கேட்டது. ராஸ்கோ பதிலுக்குக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து, ஆச்சு ஒன்பது வருஷம், வெல்டாதான் மனு போடுகிறாள்.

"உன் பேரையும் சேர்த்துப் போட்டுடு" என்று அவர்தான் சொன்னார். எங்கள் ஊர்ப் புருஷர்கள் எல்லோரும் செய்கிற வேலை அது. பெண்டாட்டிக்கு விழுந்தால் அவள் கூடாரத்தில் குளிர் காய்வாள், இவன் சுடுவான், செத்த மானின் கொம்பில் அவள் தன் சீட்டைக் கட்டுவாள். சட்டப்படி தப்பு. ஆனால் மலையில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? 1960-க்கு அப்புறம் பிறந்தவர்கள் வேட்டைப் பாடம் படித்துத் தேற வேண்டும் என்று சட்டம். வெல்டா தீயணைப்பு நிலையத்தில் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து முதல் மார்க் வாங்கினாள். அதற்கப்புறம் வியாழக்கிழமை தோறும் போர்வை தைக்கிற சங்கத்துக்குப் போக ஆரம்பித்தாள். எட்டு வருஷத்தில் ஒரு போர்வைகூட வீட்டுக்கு வரவில்லை. ராஸ்கோ அதையும் கவனிக்கவில்லை.

இந்த வருஷக் குலுக்கல் முடிவு வந்த அன்று வெல்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"எனக்கு?" என்றார் ராஸ்கோ.

"இல்லீங்க."

"நாசமாப் போக! இருபத்தாறு வருஷம்! இந்த மெஷினுக்கு என்மேல என்ன கோபம்?"

"எனக்கு விழுந்திருக்கு."

ராஸ்கோவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு அந்த வாய் மெல்ல மெல்லச் சிரிப்பாக மாறியது. பத்தாவது நிமிஷம் வேலிப்பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"யோவ் பாட்சி! எனக்குச் சீட்டு விழுந்துடுச்சுய்யா!"

"உனக்கா, வெல்டாவுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா."

"அதை வெல்டாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டு பாட்சி தன் கோவேறு கழுதைக்குப் புல் போடப் போய்விட்டான்.

கோடை முழுக்க ராஸ்கோ திட்டம் போட்டார். சாப்பாட்டு மேஜையில் வரைபடம் விரிந்தது. மூன்று மாதம் இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எந்த ஊற்றில் தண்ணீர் இருக்கிறது, எந்தச் சரிவில் காலை வெயில் முதலில் விழுகிறது, எல்லாம் பார்த்து வந்தார். முழங்கால் வீங்கியது, ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு மறுபடி போனார். நடுநடுவே வெல்டாவின் மனதைக் கலைக்கவும் பார்த்தார்.

"மேல பயங்கரக் குளிர்டி."

"ஸ்வெட்டர் இருக்குங்க."

"விரியன் பாம்பு இருக்கு."

"குளிர்ல அது எங்கேங்க வெளிய வரும்?"

"கக்கூஸ் கிடையாது!"

"நாற்பது வருஷத்துக்கு முன்னாடி மட்டும் இருந்துச்சாக்கும்."

ராஸ்கோ வரைபடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். கல்யாணமான முதல் இலையுதிர் காலத்தில் அவளை அதே காப்பர் மலைக்குத்தான் சாதா மான் வேட்டைக்கு அழைத்துப் போயிருந்தார். அவளுக்கு இருபது வயசு. தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தாள். "மத்தியானம் வந்துடறேன், அடுப்பைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார். இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார். ஏழு நாளும் அப்படித்தான். "அடுத்த வருஷம் நீயும் என்கூட மேல வரே" என்று கடைசி நாள் சத்தியம் செய்தார். அடுத்த வருஷம் பிள்ளை பிறந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. அப்புறம் அந்தச் சத்தியத்தை அவர் மறந்தே போனார்.

அக்டோபரில் வண்டியில் சாமான் ஏற்றும்போது தன் துப்பாக்கியையும் நைசாக உள்ளே வைத்தார்.

"அது எதுக்குங்க?"

"கரடி வந்தா?"

"இந்தப் பக்கம் கரடி பாத்து எத்தனை காலமாச்சு?"

"மலைச்சிங்கம் வந்தா?"

"வந்தா நான் பாத்துக்கறேன். சீட்டு என் பேர்ல இருக்கு. ஒரு துப்பாக்கி போதும், எடுத்து வீட்டுக்குள்ள வைங்க" என்றாள் வெல்டா. குரல் உயரவே இல்லை. ராஸ்கோ எடுத்து வீட்டுக்குள்ளே வைத்தார். திட்டம் அத்தோடு போச்சு. பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன் சொந்த வேட்டைக்கே எடுபிடியாகக் கிளம்பினார்.

மூன்றாம் நாள் காலை. தரையெல்லாம் உறைபனி. காட்டுச் செடிகளின் கசப்பு வாசனை மூக்கில் ஏறியது. அவர் பார்த்து வைத்த சரிவில், அவர் சொன்ன பாறைக்குப் பின்னால், இரண்டு பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். அவர் சொன்ன இடத்திலேயே கொம்பன் வந்து நின்றது. மூச்சு விடுவது புகையாகத் தெரிந்தது. ராஸ்கோவின் விரல் விசையைத் தேடி மடங்கியது. அவர் கையில் ஒன்றும் இல்லை என்பதால் பாதகமில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். நரைத்த தலையில் ஒரு சிவப்புத் துணி. அந்த இருபது வயசுப் பெண்ணை ஏழு நாள் அடுப்படியில் உட்கார வைத்துவிட்டுப் போனோமே, இவள் இப்படிப் படுத்திருக்கிற அழகை நாற்பது வருஷம் பார்க்காமல் விட்டோமே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஒரே குண்டு. கொம்பன் நாலடி நடந்து உட்கார்ந்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"எங்கேடி கத்துக்கிட்டே?"

"வியாழக்கிழமைல."

ராஸ்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் போய் அந்தக் கொம்பைத் தொட்டுப் பார்த்தார். சந்தோஷம்தான். ஆனாலும் வயிறு எரியத்தான் செய்தது.

"எட்டே பாயிண்ட்ல உனக்கு விழுந்துடுச்சு. எனக்கு மட்டும் ஏன்டி விழவே மாட்டேங்குது? அப்படி என்ன ராசி எனக்கு?"

வெல்டா சீட்டைக் கொம்பில் கட்டி முடிச்சுப் போட்டாள். "ராசியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஒம்பது வருஷமா குலுக்கல்லயே நீங்க இல்ல."

"என்னது?"

"மனுவுல 'பாயிண்ட் மட்டும் போதும்'னு ஒரு கட்டம் இருக்கு. அதைத்தான் உங்களுக்குத் தட்டிட்டு வரேன்."

மலையே எதிரொலிக்கிற மாதிரி ராஸ்கோ கத்தினார். "அடிப்பாவி! ஒம்பது வருஷமா! கட்டின புருஷனுக்கு இப்படி ஒரு துரோகமா?"

"கட்டின புருஷன் பத்து வருஷத்துக்கு முன்னாடி தனியா சாதா மான் வேட்டைக்குப் போய், ஓடைப் பள்ளத்துல விழுந்து, ரெண்டு நாள் ஊரே தேடிச்சே, மறந்து போச்சா? பாட்சி கண்டுபிடிச்சப்போ காக்காகிட்ட வழி கேட்டுக்கிட்டிருந்தீங்க. அந்த ரெண்டு நாள் எனக்கு உசுரே இல்லீங்க. அப்புறமும் ஏப்ரல் வந்தா 'தனியாத்தான் போவேன்'னு சபதம்! தனியாப் போற ஆளுக்கு நான் எப்படிச் சீட்டுக்குப் போடுவேன்? எனக்கு விழுந்தா கூட இருந்து பாத்துக்கலாம்னு எனக்குப் போட்டேன்." சொல்லும்போதே வெல்டாவின் குரல் உடைந்தது.

ராஸ்கோ பாறைமேல் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். "இனிமே தனியாப் போகமாட்டேன். நீ இல்லாம மலைப்பக்கமே திரும்பமாட்டேன், சத்தியம். அடுத்த ஏப்ரல்ல நிஜமாப் போடு, என் கண்ணு!" என்று கெஞ்சினார்.

வெல்டா அவர் முழங்காலைப் பார்த்தாள். மானைப் பார்த்தாள். "இந்த மானோட ஒரு காலைத் தூக்கிட்டு வண்டி வரைக்கும் போய் வாங்க. நொண்டாம போயிட்டு வந்தா போடறேன்."

இரண்டு பேருமாக உரித்து, வெட்டி, நாலு காலையும் நிழலில் தொங்கவிட்டார்கள். அரை மைல். ராஸ்கோ ஒரு முன்னங்காலைத் தோளில் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, ராணுவ அணிவகுப்பில் போகிறவர் மாதிரி நேராக நடந்து போய் வண்டியில் வைத்தார். அதேபோல் நேராகத் திரும்பி வந்து, இடுப்பில் கை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியா? நொண்டினேனா?"

"இல்லவே இல்லீங்க" என்று வெல்டா ஆசையாக அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "இன்னும் மூணு இருக்கு."