அவசரமே இல்லை, நில்ஸா

அன்பும் பொறுமையும் மிக்க என் மனைவி நில்ஸாவுக்கு, மந்திக்கெய்ரா மலையில் நம் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒனோஃப்ரே எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம், பசு நலம், விறகடுப்பும் நலம். சாந்தோஸில் நீயும் மகள் லூசிமாராவும் மாப்பிள்ளையும் பேரனும் அவ்வண்ணமே இருக்க அபரெசீதா மாதா அருளட்டும். போனில் சொல்லலாமே என்பாய். போன் பண்ணினால் லூசிமாரா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் சுற்றி உட்கார்ந்து கேட்கும்போது மழையைப் பற்றித்தான் பேச முடிகிறது. ஆகையால் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ திரும்பி வர அவசரமே இல்லை.

பிரசவம் முடிந்ததும் வருவதாகச் சொல்லிப் போனாய். பிறகு பேரனுக்குத் தலை நிற்கட்டும் என்றாய், பல் முளைக்கட்டும் என்றாய். முளைத்துவிட்டதாகக் கேள்வி, ரொம்ப சந்தோஷம். வீடு வெறிச்சென்று கிடப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு திவீனா, நம் மகளுக்கு ஞானத்தாய் என்ற உரிமையில், ஊரில் புதிதாக முளைத்திருக்கும் நலவாழ்வுச் சுற்றுலாச் சங்கத்தில், விருந்தினரைத் தங்கவைக்கும் வீடு என்று என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். "அண்ணே, சாவ் பாவ்லோக்காரங்களுக்கு மன அமைதி வேணுமாம். உங்க வீட்ல அது சும்மாக் கிடந்து வீணாப் போகுது" என்றாள். வாசலில் பலகை மாட்டி, மகளின் அறைக்கு வெள்ளை அடித்து, அருவிக்குப் போகும் வழியில் புல் வெட்டி முடித்தபோது வந்து இறங்கினார் ஹெலோயீஸா என்ற பல் டாக்டரம்மா. சனி, ஞாயிறு இரண்டு நாள் தங்குவதாகத்தான் ஏற்பாடு.

அந்த அம்மாவுக்கு மதியம் வரை மௌன விரதம். எனக்கு அது தெரியாது. காலையில் காபி வைத்தேன், பேசவில்லை. கோபமாக இருக்கிறாரோ என்று பாலாடைக்கட்டி வைத்தேன், பேசவில்லை. மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்து நீ சுடுவாயே, அந்த உருண்டை ரொட்டியை நானே சுட்டு, ஒரு பக்கம் கருகியதை அடியில் மறைத்து வைத்தேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். முதல் 'வேண்டாம்' நம் ஊரில் கணக்கில் வராது, இரண்டாவதும் வராது. மூன்றாவது முறை ஆட்டத் தெம்பில்லாமல் சாப்பிட்டுவிட்டார். மதியம் வயிற்றைத் தடவிக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "சோடா உப்பு இருக்கா?"

இதெல்லாம் பெரிதில்லை. ஞாயிறு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். யார் எழுந்தாலும் நாம் சொல்வதை நானும் சொன்னேன்: "அதுக்குள்ளயா? இன்னும் பொழுது இருக்கே, இருந்துட்டுப் போங்க." இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? "இல்லீங்க, நீங்க நம்ம வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த அம்மா பையைக் கீழே வைத்து, "அப்படியா? சரி, இருக்கேன்" என்றார். மறு வாரமும் கிளம்பினார், என் வாய் மறுபடி அதையே சொன்னது, பை மறுபடி கீழே இறங்கியது. சாவ் பாவ்லோவில் பல்வலிக்காரர்கள் என்ன பாடு படுகிறார்களோ. "அண்ணே, அடுத்த தடவை வாயில துணிய வச்சு அடைச்சுக்குங்க" என்றாள் திவீனா.

இதற்குள் மூன்று ராஜாக்கள் திருநாள் வந்து, பாட்டுக் கோஷ்டி கொடியோடு நம் வாசலில் நின்றது. உனக்குத் தெரியாததா, கொடியை வாங்க வேண்டியது வீட்டு அம்மா. கோஷ்டித் தலைவர் நீ ஊரில் இல்லாததை மறந்து, "இந்த வீட்டு மகராசி வெளிய வரணும்" என்று பாட்டெடுத்தார். யாரும் வரவில்லை என்றதும் அதே அடியை இன்னும் உரக்கப் பாடினார். டாக்டரம்மா கை நீட்டினார். நான் விடவில்லை, நானே வாங்கி, வீட்டுக்கு ஆசி கிடைக்க அறை அறையாகக் கொண்டுபோனேன். நம் அறையில் கட்டிலில் நீ படுக்கும் பக்கம் விரிப்பு கசங்காமல் இருந்தது. கொடியோடு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், நில்ஸா. வெளியே அக்கார்டியன்காரர் பாவம் காத்துக்கொண்டே வாசித்தார்.

திவீனா விஷயத்தைப் போட்டு உடைத்திருக்க வேண்டும், அன்று சமையலறையில் டாக்டரம்மா கேட்டார்: "நீங்க இருக்கச் சொன்னதாலதானே இருந்தேன். போகணும்னா சொல்ல வேண்டியதுதானே?"

"எங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டோம்மா."

"சரி, பெண்டாட்டி வரணும்னா என்ன சொல்வீங்க?"

"அவசரமில்லன்னு சொல்வோம்."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"அவளும் அவசரமில்லன்னுதான் சொல்றா."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கோழி கூரையேறிவிட்டது. "ரெண்டு பேரும் இப்படியே மரியாதை பண்ணிக்கிட்டு இருங்க. பேரனுக்குக் கல்யாணம் ஆயிடும்" என்றார். பட்டணத்துக்காரர்களுக்கு நாசூக்கு தெரியாது, விட்டுத்தள்ளு.

நாளைக் காலை அவர் கிளம்புகிறார். நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்ள திவீனா வருகிறாள். இந்தக் கடிதத்தையும் டாக்டரம்மாதான் தபாலில் சேர்க்கிறார். ஆகவே நில்ஸா, சாந்தோஸின் கடல் காற்றை நன்றாக அனுபவி. பேரன் நடக்கட்டும், பேசட்டும், எல்லாம் பார்த்துவிட்டு நிதானமாக வா. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளைக்கும் அவருடைய அம்மாவுக்கும் என் வணக்கம், லூசிமாராவுக்கும் பேரனுக்கும் கடவுள் துணை.

இப்படிக்கு,
உன் ஒனோஃப்ரே

பி.கு: மேலே எழுதியதெல்லாம் நம் ஊர் மரியாதை. நான் நலமில்லை. அடுப்பு புகைகிறது, காபி வாய்க்கவில்லை, பசுகூட என்னை உதைக்கிறது. இதைப் படித்ததும் பஸ் ஏறு. வா. நீ வாசலில் வந்து இறங்கும்போது "அதுக்குள்ள வந்துட்டியா?" என்றுதான் என் வாய் சொல்லும். அதை நம்பாதே.