ரிலாக்சேஷன் சாரும் கார் வேண்டாத தெருவும்

கடவுள் பத்துக் கட்டளைகளைக் கொடுத்த அன்று எங்கள் ரிலாக்சேஷன் சார் மலையடிவாரத்தில் நின்றிருந்தால், இன்றைக்கு ஆறு கட்டளைதான் அமலில் இருக்கும். மற்ற நாலுக்கும் தகுந்த காரணம் காட்டி விலக்கு வாங்கியிருப்பார். வாங்கியதோடு விடாமல், நகல் எடுத்து மோசேயிடமே ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கியிருப்பார்.

தூத்துக்குடியில் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் அவர் கண்காணிப்பாளர். அந்த அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தில் ஜீப் ஓட்டியவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால், அலுவலகத்தில் யார் என்ன எழுதினாலும் அது என்னைப் பற்றித்தான் இருக்குமோ என்று பயந்துகொண்டே இருப்பேன். சார் ஒருவர் எழுதும்போது மட்டும் அந்தப் பயம் வராது. அவர் எழுதுவதெல்லாம் யாருக்காவது எதையாவது விட்டுக் கொடுக்கச் சொல்லித்தான் இருக்கும்.

அவர் வேலை அப்படி. வீடு கட்ட ஆயிரம் விதி. ரோடு இத்தனை அடி, படிக்கட்டு இத்தனை அடி, சுவருக்கும் சுவருக்கும் நடுவில் இத்தனை அடி. அரசாங்கமே கட்டினாலும் விதி விடாது. ஆனால் ஏழைகள் குடியிருக்கும் இடம் விதியைக் கேட்டுக்கொண்டா அமைகிறது? எந்த விதி இடிக்கிறதோ அதற்கு மட்டும் விலக்கு கொடுங்கள் என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். ஆபீஸ் பேச்சில் அதற்கு ரிலாக்சேஷன் என்று பெயர். எழுதி எழுதி அது அவருக்கே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்த விதியையும் தளர்த்தலாம். ஆனால் காரணம் வேண்டும். அது ஒரே வரியில் இருக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும்.

"'மிகவும்'னு ஒரு சொல்லு போட்டேன்னு வையி, மேல உள்ளவனுக்குச் சந்தேகம் வந்துரும்லே" என்பார்.

இந்தக் கொள்கை அலுவலகத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரவில்லை, ராகு காலம் நெருங்கிவிட்டது. ஐயர் கையைப் பிசைந்தார். சார் முன்னால் போய், "ராகு காலத்துக்குக் கால் மணி நேரம் தளர்வு குடுங்க சாமி. காரணம், மாப்பிள்ள ரயில்வே கேட்டுல நிக்காரு" என்றார். அவர் சொன்ன தோரணையில் ஐயரும் "சரி, ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். பத்து நிமிடம் கழித்துத்தான் தான் எதற்கு அனுமதி கொடுத்தோம் என்பது அவருக்கு உறைத்தது. மகளும் மருமகனும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

என் கவலைகளுக்கும் அதே நடைமுறைதான்.

"சார், பிரேக்குல ஒரு சத்தம் வருது."

"காரணம் சொல்லு."

"தெரியல சார். மனசுக்குச் சரியாப் படல."

"காரணம் போதாது. கவலை நிராகரிக்கப்படுகிறது."

ஏரலுக்குப் போகும் வழியில் ஒருமுறை பிரேக் நிஜமாகவே வேலை செய்யவில்லை. வண்டி ஒரு மணல் குவியலில் ஏறி நின்றது. சார் இறங்கி, வேட்டியை உதறிக்கொண்டு, "கவலை ஏற்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அவருக்குச் சர்க்கரை நோய். உயிர் இருந்ததோ முந்திரியில் செய்யும் மக்ரூன் இனிப்பில். தூத்துக்குடியில் பிறந்து மக்ரூனை வெறுத்தவன் எவன்? அவர் வீட்டம்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

"தம்பி, இத வண்டில வச்சுப் பூட்டிக்க. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். அதுக்கு மேல கேட்டாருன்னா காரணம் கேளு. அவரு ஊருக்கெல்லாம் கேக்காருல்லா, அவரும் சொல்லட்டும்."

அன்றிலிருந்து மக்ரூனுக்கு நான் மேலிடமானேன்.

"ஏலே, இன்னொண்ணு எடு."

"காரணம் சார்?"

"மீட்டிங்ல வடை தரல."

"போதாது சார்."

"காத்துப் பட்டா நமுத்துப் போகும். அரசுப் பொருள் வீணாகக் கூடாது."

"அது உங்க வீட்டுப் பொருள் சார்."

"தனியார் பொருள் மட்டும் வீணாகலாமாலே?"

இரண்டாவதை வாங்கிவிடுவார். நான் இரவெல்லாம் அவர் சர்க்கரையை நினைத்துப் புரளுவேன்.

இப்படிப்பட்டவர் காரணம் இல்லாமல் நின்ற ஒரு நாளும் உண்டு.

மாதா கோயில் மதிலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கலான ஓர் இடம். அங்கிருந்த மீனவர் வீடுகள் இடியும் நிலைக்கு வந்ததால், அவற்றை எடுத்துவிட்டு எங்கள் அலுவலகம் மாடிக் குடியிருப்பு கட்டியது. குடும்பங்கள் அதுவரைக்கும் உப்பளத்தை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகைகளில் இருந்தன. கட்டி முடித்தாகிவிட்டது, பெயிண்டும் அடித்தாகிவிட்டது. சாவி மட்டும் கொடுக்க முடியவில்லை. இத்தனை வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்று விதி. கீழ்த்தளத்தில் தூண்களுக்கு நடுவே மஞ்சள் கோடு போட்டுப் பார்த்தார்கள், பாதிக் காருக்குக்கூட இடம் வரவில்லை. கார் இடம் இல்லாவிட்டால் நிறைவுச் சான்று இல்லை. சான்று இல்லாவிட்டால் சாவி இல்லை.

கொட்டகையில் இருந்தவர்களில் மீன் விற்கும் சவேரியம்மாவுக்குத்தான் அவசரம். அவர் மகள் ஜெனிட்டாவுக்குத் தலைப்பிரசவம், ஐப்பசியில் நாள். தாய் வீட்டுக்குத்தான் வர வேண்டும். போன ஐப்பசியில் அந்தக் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஜீப்பைக் கண்டால் சவேரியம்மா மீன் கூடையோடு குறுக்கே வந்து நின்றுவிடுவார்.

"ஏலே டிரைவரு, சாவி எப்ப? மழை ஒங்க ஆபீசுல கேட்டுட்டா வரும்? பச்சப்பிள்ளய நான் தண்ணிக்குள்ளயா வச்சிக்கிட?"

அந்தக் கேள்வி என் தூக்கத்துக்குள்ளும் குறுக்கே வந்து நின்றது.

கார் நிறுத்துமிட விதிக்கு விலக்கு கொடுங்கள், கீழ்த்தளத்தை மீன் வலைக்கு விடுங்கள் என்று சார் எழுதினார். காரணம்: "இக்குடியிருப்பில் கார் வைத்திருப்போர் எவருமில்லை." ஒரே வரி, அதுவும் உண்மை. யாருக்காக எழுதுகிறாரோ அவர்களிடம் அதைப் படித்துக் காட்டாமல் அனுப்ப மாட்டார். கொட்டகை வாசலில் ஒரு ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று உரக்க வாசித்தார்.

"ஆட்சேபணை உண்டா?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

வெங்காய விலைக்கே அரை நாள் சண்டை போடும் சனம். "சார், இவங்க சும்மா இருக்கது சரியில்ல" என்றேன்.

"கவலை நிராகரிக்கப்படுகிறது" என்று ஐஸ் பெட்டியிலிருந்து இறங்கினார்.

நேரில் பார்த்துச் சொல்ல சென்னையிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வருவதாகத் தகவல் வந்தது. சார் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். அன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், தெரு முழுக்க இருக்கும் என்பது அவர் கணக்கு. ரயிலில் வந்த மேடத்தையும் சாரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மாதா கோயில் முனை திரும்பினேன். கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

கார்கள்!

தூண்களுக்கு நடுவே வெள்ளைக் கார், சிவப்புக் கார், கல்யாண ரிப்பன் கழற்றாத ஒரு கார், காயல்பட்டினத்திலிருந்து இரவல் வந்த பளபளக்கும் கார் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மல்லிகைச் சரம். பூசைக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு சவேரியம்மா ஒரு காரின் முன்சீட்டில் ராணி மாதிரி இருந்தார். கண்ணாடியை இறக்கத் தெரியாமல் உள்ளே இருந்தபடியே மேடத்தைக் கும்பிட்டார்.

"ஏளா, கதவத் தொற, மூச்சு முட்டிரும்!" என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள்.

மேடம் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். கார்களைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார்.

சார் அந்தக் காருக்கு முன்னால் போய் நின்றார். "சவேரியம்மா, இதெல்லாம் யாரு காரு?"

அவர் இறங்கி முந்தானையை இழுத்துச் செருகினார். "எங்க காருதான்!"

"அப்ப நான் வாசிச்ச அன்னைக்கு ஏன் சொல்லல?"

"நீங்க எங்க சார் கேட்டிய? ஊரு முழுக்கக் கேக்க 'இல்ல, இல்ல'ன்னு வாசிச்சிய. முத்துக் குளிச்ச வம்சம் சார் நாங்க. எங்க ஆளுவ போகாத கப்பல் உண்டா? ஒண்ணும் இல்லாத சனம்னு மெட்ராசுல எழுதி வச்சிட்டா, நாளைக்குப் பொறக்குற பிள்ளைக்கு என்ன மதிப்பு?"

சொல்லி முடிக்கவில்லை, கடைசிக் காரிலிருந்து ஒரு தலை நீண்டது. "அக்கா, ஸ்டேஷன்ல ஒரு சவாரி நிக்கி. போட்டோ எடுத்தாச்சுன்னா நான் கெளம்பட்டுமா?"

டாக்சி! மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஆனால் கிளம்புவது எப்படி? முதலில் நுழைந்தது டாக்சி. அதற்கு முன்னால் அத்தனை கார்களும் அடைத்து நின்றன. திருப்ப இடமில்லை. ஒரு கார் பின்னால் வந்தால் மதில், முன்னால் போனால் தூண். கடைசியில் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டி, வள்ளத்தைக் கரையேற்றுவது போலத் தோள் கொடுத்துச் சிவப்புக் காரைப் பக்கவாட்டில் தூக்கி நகர்த்தினார்கள். காருக்குச் சொந்தக்காரர், "அண்ணாச்சி, பெயிண்டு! அண்ணாச்சி, பெயிண்டு!" என்று சுற்றிச் சுற்றி ஓடினார். ஒரு டாக்சி வெளியே வர ஒரு தெருவே வேர்த்தது.

மேடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இங்க கார் நிறுத்த முடியாதுன்னு எனக்குத் தெரியுது. ஆனா நீங்க எழுதின காரணம் நிக்கல. இவங்களே ஆட்சேபணை சொல்றாங்க. எனக்குச் சரியான காரணம் ஒரு வரி வேணும். இல்லன்னா நான் திருப்பி அனுப்பத்தான் முடியும்."

திருப்பி அனுப்பினால் மறுபடி வர ஒரு மழைக்காலம் போய்விடும். கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார். ராகு காலத்துக்கே காரணம் சொன்ன மனிதருக்கு ஒரு வரி வரவில்லை.

பிறகு நேராகச் சவேரியம்மாவிடம் போனார். "நான் எழுதினது ஒங்களுக்குக் கொறச்சலாப் போச்சு. தப்பு என்னுது. நீங்க சொல்லுங்க, என்ன எழுதட்டும்?"

சவேரியம்மாவின் வீராப்பு சட்டென்று இறங்கிவிட்டது. தூண்களுக்கு நடுவே கையைக் காட்டினார்.

"இல்லன்னு எழுதாதிய சார். வேண்டாம்னு எழுதுங்க. காரு எங்களுக்கு வேண்டாம். வலைய விரிச்சுத் தைக்க எடம் வேணும், அவ்வளவுதான்."

சார் ஜீப்பின் பானெட் மேல் காகிதத்தை வைத்து எழுதினார்: "குடியிருப்போர் கார் நிறுத்த இடம் வேண்டாம் என்கின்றனர், வலைக்கு இடம் கேட்கின்றனர்." வழக்கம்போல உரக்க வாசித்தார்.

"ஆட்சேபணை உண்டா?"

அவ்வளவுதான், தெரு வெடித்தது. வலையோடு படகு இஞ்சினையும் சேர்க்க வேண்டும் என்றார் ஒருவர். ஐஸ் பெட்டியை ஏன் விட்டீர்கள் என்றார் இன்னொருவர். ஒரு கிழவர் காரணமே இல்லாமல் எதிர்த்தார். நாலு பக்கமும் கூச்சல். சார் என் பக்கம் சாய்ந்து, "இப்பதாம்லே நெசமா ஆட்சேபணை இல்ல" என்றார். மேடம் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

முதல் மழைக்கு முன்னால் விலக்கு வந்தது, சாவியும் வந்தது. ஜெனிட்டா முதல் மாடியில் காய்ந்த தரையில் பிள்ளையோடு படுத்திருந்தாள். தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி அடிக்கக் கூடாது என்று எங்கள் பொறியாளர் விதி காட்டினாராம். சார் வாய்மொழியாகவே தளர்த்திவிட்டார். காரணம்: பிள்ளை அழுகிறது.

சார் ஓய்வு பெற்றுவிட்டார், நானும் சொந்தமாக ஆட்டோ வாங்கிவிட்டேன். ஞாயிறு சாயங்காலம் அவரை அந்தக் குடியிருப்புக்குக் கூட்டிப் போவேன். கீழ்த்தளத்தில் வலைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியில் இருந்துகொண்டு, ஆளாளுக்கு வரும் சிக்கல்களுக்குக் காரணம் கேட்டுக்கொண்டிருப்பார். குடியிருப்போர் சங்கம் தூணில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது: "வெளியாட்கள் வலைத் தளத்தில் உட்காரக் கூடாது." அதற்குக் கீழே, "ரிலாக்சேஷன் சாருக்கு விலக்கு."

முதல் தடவை அதைப் பார்த்ததும் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன இது? காரணம் எங்க? காரணம் இல்லாத விலக்கு செல்லாது. நான் உக்கார மாட்டேன்."

"ஒங்களுக்குக் காரணம் வேறயா சார்?" என்றார் சவேரியம்மா. சார் கேட்கவில்லை. சாயங்காலம் முழுக்க நின்றபடியே இருந்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் எனக்குக் கவலை.

அடுத்த ஞாயிறு பலகையில் பெயிண்ட் காயாமல் ஒரு வரி கூடியிருந்தது.

"காரணம்: வராவிட்டால் மனசு தேடுகிறது."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார். "ஒரு வரி. கூடுதலா ஒரு சொல்லு இல்ல" என்று முணுமுணுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் கையை நீட்டினார். அன்றைக்கு அது மூன்றாவது மக்ரூன். நான் காரணம் கேட்கவில்லை.